ரப்பர் கடைக் கணக்கை எந்தக் கோப்பில் வைப்பது?

குலசேகரம், அருமனை பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் கடையில் முற்பகலில் போய் நின்று பாருங்கள். காய்ந்த ரப்பர் ஷீட் கட்டு தராசில் ஏறும். கடைக்காரர் ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் சொல்வார். சிரட்டையில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலுக்குத் தனி எடை. அன்றைய விலையில் பெருக்கி, வாங்கியிருந்த முன்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்து, மீதியைக் கையில் கொடுப்பார். முன்பெல்லாம் இது நீளக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது. இப்போது பல கடைகளில் மேசைமேல் ஒரு கணினி இருக்கிறது.

அந்தக் கணினிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. நாகர்கோவிலில் இருந்தபடி இப்படிப்பட்ட சிறு கடைகளுக்குத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த மொழியில் எழுதலாம், திரையை எப்படி அழகாக்கலாம் என்றுதான். தரவை எந்த வகைக் கோப்பில் சேமிக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

காரணம் எளிது. திரை பிடிக்கவில்லை என்றால் அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம். கோப்பு வடிவம் அப்படியில்லை. மென்பொருள் உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருக்கும்வரை ஒரே ஒரு கோப்பு. அதை ஏழெட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கடையிலும் ஒரு கோப்பு தினமும் வளர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் இருப்பது யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, பால்வெட்டுக்காரர் ஒருவரின் ஆறு மாத உழைப்பு. அந்தக் கோப்பு கடைக்காரருடையது. எழுதிக் கொடுத்த நான் நாளை வேறு ஊருக்குப் போனாலும், தொழிலையே விட்டாலும் அது திறக்க வேண்டும். கீழே நான் ஒப்பிடுகிற ஒவ்வொரு வடிவத்தையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

கடையைப் பார்த்துவிட்டு வடிவத்தைப் பார்ப்போம்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மலையோரக் கடைகளில் மழை தொடங்கினால் கரண்ட் போகும், வரும், மறுபடியும் போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்களோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயலை விடுங்கள், சாதாரண நாளிலேயே எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி அணைவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. யூ.பி.எஸ். இருக்கும், ஆனால் அதன் பேட்டரி எப்போதோ இறந்திருக்கும்.

கடையில் கணினி தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க முடியாது. காப்புப்பிரதி என்றால் பென் டிரைவ்தான். சிலர் கோப்பை வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் இணையத்தை நம்பி எதுவும் செய்ய முடியாது. ஆகவே எல்லாவற்றையும் மேகக் கணிமையில் வைப்பது என்ற யோசனையை இந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர்கள் தமிழில் இருக்கும். கேரள எல்லைப் பக்கம் என்பதால் சில கடைகளில் மலையாளத்திலும் இருக்கும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நிலம் இது. ஒரே பட்டியலில் இரண்டு எழுத்தும் வருவது இங்கே இயல்பு.

எக்செல், சி.எஸ்.வி., ஜேசான்

பலரும் தொடங்குவது எக்செல் கோப்பில்தான். கடைக்காரருக்கே திறக்கத் தெரியும் என்பது உண்மையான பலம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கடைக்காரர் தானே திறந்து ஒரு வரியை அழித்துவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. எக்செல் எண்களில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் வரும் கணக்கு எண் என்றால் அந்தப் பூஜ்யமும் போய்விடும். ஷீட்டுக்கான பணம் இப்போது வங்கிக்குப் போகிற காலம். ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரம்பு தாண்டும்போது சத்தமில்லாமல் வெட்டிவிடுவது இன்னும் மோசம். எக்செல்லின் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகள்தான். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவத்தில் சேர்த்தபோது, கிட்டத்தட்ட 16,000 பேரின் முடிவுகள் பட்டியலில் ஏறாமல் விடுபட்டன. நம் கடைக்கு அத்தனை வரிகள் வர வருடங்கள் ஆகும். ஆனால் அந்த நாள் வரும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

சி.எஸ்.வி. என்பது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக் கோப்பு. எது எண், எது தேதி என்று அதற்குத் தெரியாது. யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதிய சி.எஸ்.வி.யை, கோப்பின் முறையைச் சொல்லும் தொடக்க அடையாள பைட்டுகள் இல்லாமல் எக்செல்லில் சொடுக்கித் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரியலாம். அன்றாடக் கணக்குக்கு இதை வைக்காதீர்கள். வெளியே எடுத்துக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஜேசானும் எழுத்துக் கோப்புதான், ஒவ்வொரு விவரத்தையும் அதன் பெயரோடு எழுதிவைக்கும். அதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. என் முதல் பதிப்பு முழுக் கணக்கையும் ஒரே ஜேசான் கோப்பில் வைத்தது. எழுத மிகவும் சுலபம், திறந்து கண்ணால் படிக்கலாம், எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு எடைக்கும் முழுக் கோப்பையும் புதிதாக எழுத வேண்டும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு மழை நாள் மாலை, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மறுநாள் காலை போன் வந்தது. "மக்கா, நேத்து எடுத்த ஷீட்டு கணக்கெல்லாம் எங்க போச்சு?" போய்ப் பார்த்தேன். கோப்பு இருந்தது, அளவும் சரியாகவே இருந்தது, உள்ளே முழுக்கப் பூஜ்ய பைட்டுகள். கோப்புக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, தரவு வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. நேற்றைய கணக்கு மட்டுமில்லை, மூன்று மாதக் கணக்கும் அதில்தான் இருந்தது. பென் டிரைவில் இருந்த பழைய பிரதியையும் காகித ரசீதுகளையும் வைத்து இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஏற்றினோம். கடைக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டுக்குப் போய்விட்டதை உறுதி செய்து, பிறகு பெயர் மாற்றினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும் என்பது உண்மை. ஆனால் அதை நாமே சரியாகச் செய்ய முயல்வது, ஒரு தரவுத்தள இயந்திரம் ஏற்கெனவே செய்து சோதித்து வைத்திருக்கும் வேலையைத் திரும்பச் செய்வதுதான். அமைப்பு விவரங்களுக்கு, அதாவது அச்சுப்பொறியின் பெயர், கடையின் முகவரி போன்றவற்றுக்கு ஜேசான் போதும்.

பழைய டி.பி.எஃப்., அக்சஸ்

சில கடைகளில் இன்னும் கறுப்புத் திரையில் ஓடும் பழைய மென்பொருள் இருக்கிறது. கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தளக் கருவிகளில் எழுதப்பட்டது, உள்ளே டி.பி.எஃப். என்ற வகைத் தரவுக் கோப்புகள். இந்த வடிவத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அமைப்பு மிக எளிமையானது. எத்தனை வருடங்கள் கழித்தும் எழுதியவர் இல்லாமலே திறந்துவிடலாம். அழித்த பதிவுகூட ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டு அங்கேயேதான் இருக்கும், அழித்தவற்றை நிரந்தரமாக நீக்கும் பேக் கட்டளை கொடுக்கும்வரை. ஒரு கடையில் தவறுதலாக அழித்த பாக்கிக் கணக்கை அப்படித்தான் மீட்டேன்.

ஆனால் புதிய மென்பொருளுக்கு இதை எடுக்க முடியாது. புலத்தின், அதாவது பதிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள இடத்தின், பெயர் பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும். பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்பு தனியாக இருக்கும், கரண்ட் போனால் அதுவும் தரவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். பெரிய தடை தமிழ். டி.பி.எஃப். யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. தமிழ் வைத்தவர்கள் பாமினி போன்ற எழுத்துரு முறையில்தான் வைத்தார்கள். எந்த எழுத்துரு என்று கோப்பில் எங்கும் குறிப்பு இருக்காது. அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன். மலையாளப் பெயர்கள் வேறு எழுத்துருவில் நடுவே கலந்திருந்தால் வேலை இரட்டிப்பு. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவும் 2015-லேயே முடிந்தது.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் தரவுத்தளமான அக்சஸ் கோப்பு வேறு கதை. பணத்துக்கென்றே கரன்சி என்ற தனி வகை அதில் உண்டு, நான்கு தசம இடம்வரை துல்லியம், பைசா பிசகாது. ஒரே கோப்பு, வரம்பு 2 ஜி.பி., நம் கடைக்குத் தாராளம். கல்லூரியில் பலரும் கற்று வருவதும் இதையே.

சிக்கல் வருவது கொண்டுபோய்க் கொடுக்கும்போது. அக்சஸ் இல்லாத கணினியில் கோப்பைத் திறக்க அதன் இயந்திரத்தைத் தனியாக நிறுவ வேண்டும். கடையில் 32 பிட் ஆஃபிஸ் இருக்கும், உங்கள் மென்பொருள் 64 பிட்டாக இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. மார்த்தாண்டத்தில் ஓடியது கருங்கலில் ஓடாது. வெள்ளாங்கோட்டுக் கடைக்குப் பஸ் ஏறிப் போய் ஆஃபிஸை அகற்றிவிட்டுத் திரும்ப நிறுவியபோதுதான், இது என் வேலையே இல்லை, வடிவத்தைத் தவறாக எடுத்ததற்கான அபராதம் என்று புரிந்தது. விண்டோஸை விட்டு வெளியே, குறிப்பாக ஆண்ட்ராய்டு போனில், இந்தக் கோப்பு பயன்படாது. தோட்டத்துக்கே போய் எடை போடுகிறவருக்குப் போன்தான் கணினி.

மைக்ரோசாஃப்டின் லோக்கல்டிபி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசம், எஸ்.கியூ.எல். சர்வர் என்ற பெரிய தரவுத்தளத்தின் பெரும்பாலான திறன், இந்திய மொழிகளுக்கான வரிசைமுறையும் உண்டு. ஆனால் இதுவும் தனியாக நிறுவ வேண்டியது, 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7 கணினியில் ஏறாது. இன்னொன்றைக் கவனியுங்கள்: புதிய பதிப்பில் ஒரு முறை இணைத்த கோப்பு அந்தப் பதிப்புக்கு மாறிவிடும், பிறகு பழைய பதிப்பில் திறக்காது. உங்கள் கணினியில் சோதனைக்காகத் திறந்துவிட்டு அதே கோப்பைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன் செயலி எழுதுகிறவர்களில் பலர் ரியல்ம் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தினார்கள். வேகமானது, எழுத இனிமையானது. 2024 செப்டம்பரில் மோங்கோடிபி நிறுவனம் அந்தக் கருவிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. நிரல் திறந்த மூலமாகக் கிடக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் முடிவோடு ஒரு கோப்பு வடிவத்தின் எதிர்காலம் இப்படிக் கட்டுப்பட்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

எஸ்கியூலைட்: ஏன் இங்கே வந்து நின்றேன்

ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட தரவுத்தள இயந்திரம் எஸ்கியூலைட். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையில் இருந்தபோது, தரவுத்தள சர்வர் நின்றால் எல்லாமே நிற்கிறதே என்ற சங்கடத்தில்தான் சர்வரே வேண்டாத ஒன்றை எழுதினார். கப்பலும் குலசேகரத்து ரப்பர் கடையும் ஒன்றா என்று தோன்றலாம். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, எது நின்றாலும் வேலை நடக்க வேண்டும் என்ற இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. தனியாக நிறுவ எதுவும் இல்லை. இயந்திரம் சில எம்.பி.க்குள் உங்கள் மென்பொருளோடு சேர்ந்தே போய்விடும். உரிமக் கட்டணம் கிடையாது, நிரல் பொதுவுடைமையாக விடப்பட்டது. 32 பிட், 64 பிட், விண்டோஸ், ஆண்ட்ராய்டு எதில் எழுதினாலும் அதே கோப்பு எதிலும் திறக்கும். ஆண்ட்ராய்டு போனுக்குள் இது ஏற்கெனவே இருக்கிறது. 2004-ல் வந்த 3-ஆம் பதிப்பின் கோப்புகளை இன்றைய பதிப்பும் திறக்கிறது. 2050 வரை ஆதரவு தர எண்ணியிருப்பதாக அதை எழுதுகிறவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதையும் வைத்திருக்கிறது. நான் இல்லாத நாளில் கடைக்காரரின் மகனோ மகளோ இலவசக் கருவி ஒன்றை இறக்கி இந்தக் கோப்பைத் திறந்துவிடலாம். என் அளவுகோலுக்கு இதைவிட நெருக்கமாக வேறொன்று வரவில்லை.

கரண்ட் போவதைப் பொறுத்தவரை, ஒரு பரிவர்த்தனை, அதாவது ஒன்றாகச் சேர்த்து எழுதும் மாற்றங்கள், முழுதாக ஏறும் அல்லது ஏறவே ஏறாது. அடுத்த முறை திறக்கும்போது பாதியில் நின்றதைத் தானே சரிசெய்துகொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. எழுதியது வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யும் அமைப்பு, சிங்க்ரனஸ் என்பது, முழுமையில் இருக்க வேண்டும். சில நூலகங்கள் வேகத்துக்காக அதைத் தளர்த்தி வைக்கின்றன. புதிய பதிவுகளை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யூ.ஏ.எல். முறையில் ஒரு படி மட்டும் தளர்த்தினால் கோப்பு கெடாது, ஆனால் கரண்ட் போவதற்குச் சற்று முன் ஏற்றிய எடைகள் காணாமல் போகலாம். நிமிடத்துக்கு ஓர் எடை ஏறும் கடைக்கு அந்த வேகம் தேவையே இல்லை.

அந்த டபிள்யூ.ஏ.எல். முறை இன்னொரு விதத்திலும் என்னைச் சிக்க வைத்தது. அதில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்தில் இருக்கும் தனிக் கோப்பில் சேரும், பிறகுதான் முதன்மைக் கோப்புக்குப் போகும். இயல்பாக ஆயிரம் பக்கம், அதாவது சுமார் 4 எம்.பி. சேர்ந்த பிறகே அது நகரும். சிறு கடையில் 4 எம்.பி. சேரப் பல நாள் ஆகும். மென்பொருளை ஒழுங்காக மூடினால் எல்லாம் சேர்ந்துவிடும். நம் கடைகளில் மூடுவதே கிடையாது, திறந்தே கிடக்கும். கடைக்காரர் தினமும் ஒழுங்காகப் பென் டிரைவில் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்து வந்திருந்தார். கணினி பழுதாகி, அந்த நகலைத் திறந்தபோது கடைசி நான்கு நாள் அதில் இல்லை. தவறு அவருடையது இல்லவே இல்லை. ஒரே கோப்பு, நகலெடுத்தால் போதும் என்று அவரிடம் சொன்னது நான்.

அதன் பிறகு கோப்பை நேரடியாக நகலெடுக்கச் சொல்வதில்லை. மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எஸ்கியூலைட்டின் வேக்யூம் இன்ட்டூ கட்டளை முழுமையான புதிய பிரதி ஒன்றை, தேதியைப் பெயராக வைத்து, பென் டிரைவில் எழுதிவிடும். ஒருவர் மட்டும் எழுதும் கடைகளில் டபிள்யூ.ஏ.எல்.-ஐயே விட்டுவிட்டுப் மாற்றும் முன் பழைய பக்கங்களைத் தனியாக எடுத்துவைக்கும் பழைய ஜர்னல் முறைக்குத் திரும்பிவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தசம எண்ணுக்கென்று துல்லியமான வகை எஸ்கியூலைட்டில் இல்லை. ரூபாயைப் பின்னமாக வைத்தால் வருடக் கடைசியில் பைசா இடிக்கும். நான் பணத்தைப் பைசாவிலும் எடையைக் கிராமிலும் முழு எண்களாக வைக்கிறேன். அதோடு, எண் வரவேண்டிய இடத்தில் "முப்பது" என்று எழுத்தில் கொடுத்தாலும் இயல்பாக அது வாங்கிக்கொள்ளும். 2021-ல் வந்த ஸ்ட்ரிக்ட் அட்டவணைகள் இதைத் தடுக்கின்றன, கட்டாயம் பயன்படுத்துங்கள். அட்டவணைகளுக்கு இடையிலான உறவுச் சோதனையும் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

குலசேகரம், குழித்துறை, குளச்சல்

தமிழ் விஷயத்தில் எஸ்கியூலைட் தானாக எதுவும் செய்யாது. யூனிகோடில் வைக்கும், திருப்பிக் கொடுக்கும், அவ்வளவே. வரிசைப்படுத்தச் சொன்னால் எழுத்தின் குறியெண் வரிசையில் அடுக்கும். அது நம் அகரவரிசை இல்லை.

நம் ஊர்ப்பெயர்களிலேயே பார்க்கலாம். அகராதி வரிசையில் குலசேகரம், குழித்துறை, குளச்சல் என்று வர வேண்டும். ல, வ, ழ, ள என்பது நாம் படித்தது. யூனிகோடில் ல-வை அடுத்து ள, அதன் பிறகே ழ. ஆகவே குளச்சல் முன்னால் வந்து குழித்துறை பின்னால் போகும். மண்டைக்காடும் மணவாளக்குறிச்சியும் இன்னொரு விதம். புள்ளி வைத்த எழுத்து முதலில் என்பது நம் வழக்கம், எனவே மண்டைக்காடு முன்னால். குறியெண் வரிசையில் புள்ளி கடைசியில் இருப்பதால் மணவாளக்குறிச்சி முந்திவிடும். முந்நூறு பேர் பட்டியலில் பெயர் தேடும் கடைக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. "இருக்கிற பேரு இல்லேன்னு காட்டுதே" என்று அவர் சொன்னால், பட்டியலில் பெயர் வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கொல்லங்கோடு என்று எழுதும்போது முதல் எழுத்தில் ஒற்றைக் குறியாக ஒகரம் வரலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கோப்புக்குள் வெவ்வேறு. போனில் தட்டியதும் கணினியில் தட்டியதும் இப்படி மாறிப்போய், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு தொடங்கிவிட்டதை நேரில் பார்த்தேன். கோப்பில் எழுதும் முன் எல்லாப் பெயரையும் பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

வரிசைக்கு எஸ்கியூலைட்டில் சொந்த வரிசைமுறையை நாமே எழுதிச் சேர்க்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன், பிறகு எடுத்துவிட்டேன். அந்த வரிசைமுறை என் மென்பொருளுக்குள் மட்டுமே இருக்கும். வேறு கருவியில் கோப்பைத் திறந்து அந்தப் பட்டியலைக் கேட்டால், அப்படியொரு வரிசைமுறை இல்லை என்று பிழை வரும். நான் இல்லாத நாளில் திறக்க வேண்டும் என்ற நோக்கமே கெட்டுப்போகிறது. இப்போது பெயருக்குப் பக்கத்தில் வரிசைச்சாவி என்று ஒரு தனிப் புலம் வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அகரவரிசைப்படி எண் கொடுத்துச் சேமிக்கிறேன். இடம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

கொடுத்த பிறகு வருகிற வேலை

கோப்பை எங்கே வைப்பது என்பதும் வடிவத் தேர்வின் பகுதிதான். புரோகிராம் ஃபைல்ஸ் அடைவுக்குள் வைக்காதீர்கள். பழைய பாணி மென்பொருள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைப் பயனரின் தனி இடத்துக்குத் திருப்பிவிடும். வேறு பெயரில் உள்ளே வருகிறவருக்குப் பழைய கணக்குதான் தெரியும். புரோகிராம் டேட்டாவில் ஓர் அடைவு வைத்து, எழுதும் அனுமதியை நிறுவும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

புதிய பதிப்பு கொடுக்கும்போது அட்டவணை மாறும். எஸ்கியூலைட் கோப்பின் தலைப்பகுதியில் யூசர் வெர்ஷன் என்று நமக்காகவே ஓர் எண் விட்டிருக்கிறார்கள். திறந்தவுடன் அதைப் படித்து, 3 என்றால் 4-க்கும் 5-க்கும் படிப்படியாக மாற்றலாம். மாற்றும் முன் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். எண் நம் மென்பொருள் அறிந்ததைவிடப் பெரிதாக இருந்தால் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். ஒரு கணினியில் புதிய பதிப்பும் இன்னொன்றில் பழையதும் இருக்கும் இடங்கள் உண்டு.

பூட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கிக் கணக்கு வெளியே தெரியக்கூடாது என்று கடைக்காரர் விரும்புவது நியாயம். எஸ்கியூலைட்டுக்கு எஸ்கியூஎல்சைஃபர் என்ற குறியாக்க வடிவம் இருக்கிறது, பயன்படுத்தலாம். ஆனால் சாவி கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு கடையின் பழைய மென்பொருள், எழுதியவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லால் கோப்பைப் பூட்டியிருந்தது. அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. இரண்டு வருடக் கணக்கை அச்சிட்ட தாள்களிலிருந்து மறுபடி தட்டினார்கள். அவர் வாடிக்கையாளரை விடாமல் பிடித்துவைக்க நினைத்தாரோ என்னவோ, ஒருவருடைய கணக்கை அவருக்கே மூடிவைப்பதை நான் தொழில் என்று ஏற்க மாட்டேன்.

இரண்டு கணினி இருந்தால்

எடைமேசையில் ஒன்று, உள்ளே கணக்கறையில் ஒன்று என்று இரண்டு கணினிகள் உள்ள பெரிய கடைகளில் என் பதில் மாறும். எஸ்கியூலைட் கோப்பைப் பகிர்ந்த அடைவில் வைத்து இரண்டிலிருந்தும் எழுத வைக்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதுகூடப் பெரிய தடை இல்லை, ரப்பர் கடைக்கு அந்த வேகம் போதும். வலைப்பின்னல் வழியாகப் போகும்போது கோப்புப் பூட்டுகளை நம்ப முடியாது என்பதே ஆபத்து. டபிள்யூ.ஏ.எல். முறை வலைப்பின்னலில் வேலையே செய்யாது.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஃபயர்பேர்ட் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தை எடுக்கிறேன். 2000-ல் போர்லாண்ட் நிறுவனம் திறந்துவிட்ட இன்டர்பேஸிலிருந்து வந்தது. இதுவும் ஒரே கோப்பு, நிறுவும் கோப்பும் சிறியது. துல்லியமான தசம வகை உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்புப்பிரதி எடுக்கலாம். சர்வரை ஒரு கணினியில் நிறுவி, மற்றது வலைப்பின்னல் வழியாக அதனோடு பேசும். கோப்பை நேரடியாகத் தொடாது. தனிக் கணினிக்கு உட்பொதிந்த முறையிலும் ஓடும் என்பதால் சிறு கடை பெரிதானாலும் மென்பொருளை அதிகம் மாற்ற வேண்டியதில்லை. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள சர்வர் இதைவிட வலுவானது, தமிழ் வரிசைமுறையும் அதில் கிடைக்கும். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கடையில் அதை நான் விட்டுவர மாட்டேன்.

ஃபயர்பேர்டில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய பதிப்புகளில் தலைமைப் பயனரின் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, நிறுவியவுடன் மாற்ற வேண்டும். பெரிய பதிப்பு மாறும்போது கோப்பின் உள்ளமைப்பும் மாறும், 2.5-ல் உருவான கோப்பை 3.0 அப்படியே திறக்காது. பழைய பதிப்பில் காப்புப்பிரதி எடுத்துப் புதியதில் மீட்க வேண்டும். அது கடைக்காரர் தானே செய்யக்கூடிய வேலை இல்லை. ஆகவே ஃபயர்பேர்ட் கொடுக்கும் கடைகளில் எஸ்கியூலைட்டையும் விடுவதில்லை: தினமும் இரவு முழுக் கணக்கும் ஓர் எஸ்கியூலைட் கோப்பாகவும், ஆள்வாரிப் பாக்கி மட்டும் ஒரு சி.எஸ்.வி.யாகவும் பென் டிரைவுக்குப் போகும். சி.எஸ்.வி.யில் தொடக்க அடையாளத்தைப் போட்டுவிடுகிறேன், எக்செல்லில் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

அருமனையில் அடுத்து நிறுவப் போகிற கடைக்கு எடைமேசைக் கணினி ஒன்று மட்டும்தான். இரண்டாவது வாங்குவதாகச் சொல்கிறார்கள், எப்போது என்று தெரியாது. எஸ்கியூலைட்டில்தான் தொடங்குகிறேன். பணம் பைசாவில், எடை கிராமில், ஜர்னல் பழைய முறையில். கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கருவியில் திறக்கலாம், எந்தப் புலம் எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கம் தமிழில் அச்சிட்டு, ரசீதுப் புத்தகம் வைக்கும் அலமாரிக்குள் ஒட்டிவிட்டு வருவேன்.